இயங்குதளத்தை மீள நிறுவுதல்

இயங்குதளத்தை மீள நிறுவுதல் என்பது, வன்தட்டு முழுதும் அழிக்கப்பட்ட மடிக்கணினியில் விண்டோஸ், உபுண்டு போன்ற இயங்குதளத்தைப் புதிதாகப் பதிவதாகும். வட்டு காலியானாலும் கணினி பழுதாகிவிடுவதில்லை. அதைத் தொடக்கும் யூஇஎஃப்ஐ மென்பொருள் தாய்ப்பலகையில் தனிச் சில்லில் உள்ளது. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸுடன் விற்கப்படும் பெரும்பாலான மடிக்கணினிகளின் உரிமச் சாவியும் அங்கேயே பதியப்படுகிறது. ஆகவே அதே பதிப்பை நிறுவ மறுபடியும் உரிமம் வாங்கத் தேவையில்லை. பழுதுபார்க்கும் கடையில் அதற்கெனத் தனியே பணம் கேட்டால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் ஏற்ற வேண்டும். அதைச் செருகிக் கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்) அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

அழிந்த கோப்புகள் தேவையெனில் நிறுவலைத் தொடங்கவே கூடாது. பழைய சுழல் வன்தட்டில், மேலெழுதப்படும் வரை அவற்றை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் அது மிகக் குறைவு.