சேர்ந்து விட்டால்தான் விடும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் இதய நோய் ஆராய்ச்சி ஒன்று தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. பரிசோதனைக்கு வருகிறவர் வீடு மாறிப் போய்விட்டால் தேடிப் பிடிக்க வேண்டுமே என்று, அங்குள்ள அலுவலர்கள் அவருடைய உறவினர்களின் பெயரையும் நெருங்கிய நண்பர் ஒருவரின் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். பல ஆண்டுகள் கழித்து நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்களுக்கு அந்தத் தாள்கள் புதையலாயின. நண்பர்கள் பலரும் அதே ஆராய்ச்சியில் இருந்ததால், 1971 முதல் 2003 வரை 12,067 பேரில் யார் யாரோடு பழகினார்கள், யாருக்கு எப்போது எடை கூடியது என்று இணைத்துப் பார்க்க முடிந்தது. 2007இல் முடிவு வெளியானது. நண்பர் பருமனானால் ஒருவர் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியது. உடன்பிறந்தவர் என்றால் 40, கணவன் அல்லது மனைவி என்றால் 37. அடுத்த வீட்டுக்காரர் பருமனானதால் ஒன்றும் ஆகவில்லை. தொலைவில் வசிக்கும் நண்பர் பருமனானதோ பாதித்தது.

பத்திரிகைகள் இதைத் 'தொற்றும் பருமன்' என்று கொண்டாடின. புள்ளியியல் தெரிந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். இனம் இனத்தோடுதானே சேரும்? சாப்பாட்டுப் பிரியர்கள் இருவர் சிநேகமாகி, பிறகு இருவருக்கும் தொப்பை விழுந்தால் ஒருவரால் மற்றவர் கெட்டார் என்று எப்படிச் சொல்வது? இருவர் வட்டாரத்திலும் ஒரே சமயத்தில் துரித உணவுக் கடைகள் வந்திருந்தால்? 2008இல் ஈதன் கோஹன்-கோல், ஜேசன் ஃப்ளெட்சர் இருவரும் இதே மாதிரியான கணக்கை அமெரிக்க விடலைப் பருவத்தினரின் முகப்பருவுக்கும் தலைவலிக்கும் உயரத்துக்கும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றுமே நண்பர்களிடையே 'பரவின'! கூட்டாளி வளர்ந்தால் நாமும் வளர்வோமா என்ன? அவர்கள் சொன்னது நியாயம்; அந்த 57ஐ அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் அளவுகோலில் கோளாறு என்பதால் பரவலே இல்லை என்று தீர்ப்பெழுதவும் முடியாது. நண்பர்களை அவரவரே தேர்ந்தெடுக்காத ஓர் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க விமானப்படை அகாடமி அப்படிப்பட்ட இடம். புதிய மாணவர்களைச் சுமார் 30 பேர் கொண்ட அணிகளாக நிர்வாகமே பிரித்துவிடும். யாரோடு யார் என்பது குலுக்கல் மாதிரிதான். சேர்வதற்கு முன்பே எடுத்த உடல்தகுதி மதிப்பெண்களும் கைவசம் இருந்தன. 2011இல் வெளியான ஆய்வின்படி, அணித்தோழர்களின் பழைய உடல்தகுதி ஒருவரின் பிந்தைய உடல்தகுதியைப் பாதித்தது. மிகவும் பின்தங்கியவர்களே மற்றவர்களை அதிகம் கீழே இழுத்தார்கள். இன்னொரு சான்றை மழை தந்தது. சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிக்கோலைடஸ் இருவரும் சுமார் 11 லட்சம் பேரின் ஓட்டப் பதிவுகளை 2017இல் அலசினார்கள். ஓர் ஊரில் மழை பெய்தால் அங்கிருப்பவர் ஓடுவது குறையும். வெயில் அடிக்கும் வேறோர் ஊரில் அவருடைய நண்பரும் குறைவாக ஓடினால், பழியை வானிலை மேல் போட முடியாது. ஒருவர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், நண்பர் ஏறத்தாழ 300 மீட்டர் கூடுதலாக ஓடினார். ஆக, பரவல் உண்மை. பரபரப்புச் செய்திகள் சொன்ன அளவுக்கு இல்லை, அவ்வளவே.

எப்படிப் பரவுகிறது என்பதுதான் முக்கியம். சளி பிடிக்க ஒரே ஒரு தும்மல் போதும்; பழக்கத்துக்கு அது போதாது. டேமன் சென்டோலா 2010இல் முன்பின் அறியாத 1,528 பேரை இருவகை இணைய நட்பு வலைகளில் சேர்த்து இதைச் சோதித்தார். ஒரு வகை வலையில் ஒருவருடைய தோழர்கள் தங்களுக்குள்ளும் தோழர்கள். மற்றதில் தொடர்புகள் நாலாபக்கமும் சிதறியிருந்தன. கிருமியாக இருந்தால் சிதறிய வலையில்தான் வேகம் எடுத்திருக்கும். உடல்நல இணைய மன்றத்தில் சேரும் நடத்தையோ நெருக்கமான வலையில் 54 சதவீதம் பேரையும், சிதறியதில் 38 சதவீதம் பேரையும்தான் எட்டியது. ஒருவர் சொன்னால் கேட்டுவிட்டுப் போகிறோம். தெரிந்த இரண்டு மூன்று பேர் செய்தால்தான் நாமும் இறங்குகிறோம். ஃபிராமிங்ஹாமின் புகைப்பழக்கக் கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆண்டுக்கு ஆண்டு புகைப்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் எஞ்சிய புகைக் கூட்டங்களின் அளவு சுருங்கவில்லை. கூட்டம் கூட்டமாகவே விட்டிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

மன உறுதிக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, விடுவது கடைசியில் அவரவர் கைதான். ஆனால் ஒரு கூட்டத்துக்கே ஒரே சமயத்தில் மன உறுதி ஊறிவிடாது. சிகரெட் விலையும் புகைத் தடைச் சட்டமும் எல்லாரையும் சேர்த்தே தொடும், சரி. கேலி செய்யாமல் கூட இருக்கும் ஆட்கள் இருந்தால் அந்தச் சட்டத்தைப் பின்பற்றுவதும் சுலபம். பழக்கம் நண்பர்கள் வழியே பரவும் என்றால் பருமனான நண்பர்களை விலக்கிவிடலாமா? அது இரட்டை நஷ்டம். தனித்து விடப்பட்டவர் மாற உதவும் கைகளை இழக்கிறார். நட்பால் கிடைக்கும் மற்ற நன்மைகள் இருவருக்குமே போகின்றன. ஃபிராமிங்ஹாமில் கடைசிவரை புகைத்தவர்கள் நட்பு வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களை எட்டுவதுதான் இப்போது மிகக் கடினம். விளம்பரப் பலகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, ஒன்றாகப் பழகும் நாலைந்து பேரைச் சேர்த்தே அழைக்கும் முகாம்களுக்கு ஒதுக்கலாம். டாக்டரும் "எப்போது விடப்போகிறீர்கள்?" என்பதற்கு முன்னால், "உங்களோடு சேர்ந்து புகைப்பவர்கள் யார், அவர்களையும் கூட்டிவர முடியுமா?" என்று கேட்கலாம்.