நீர் திறக்குமுன் பேசுதல்

பலர் கூடித் தொழில் புரியுமிடத்திற் பிணக்கு எழாதிருத்தல் அரிது. எழுந்தபின் ‘பொறுத்துப் போங்கள்’ என்று புத்தி சொல்வோருக்கும் நம்மிடையே குறைவில்லை. யான் முன்னர்ப் பணியாற்றிய கல்லூரியொன்றில், ஆய்வுகூடத்தை யார் எந்தப் பாடவேளையிற் பயன்படுத்துவது என்னும் வழக்கினால் ஆசிரியர் இருவர் ஓராண்டாக முகங்கொடுத்துப் பேசவில்லை. அறிவுரை கூறினோர் பலர். நேரசூசியைத் திருத்த முன்வந்தார் எவருமிலர்.

அவ்வாண்டு விடுமுறையில் உறவினர் ஒருவருடன் படுவான்கரைக்குச் சென்றிருந்தேன். அங்கே சிறுபோக ஆரம்பக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரிந்த வயல்களிற் பல, உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரை நம்பியவை. நீர் பொது, வயலோ அவரவர்க்கு உரியது. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஒருவர் மூன்று மாத நெல்லும் அயலவர் நான்கு மாத நெல்லும் விதைத்தாரென்று வைத்துக்கொள்வோம். முன்னவர் அறுவடைக்காக வயலை உலரவிட வேண்டிய வேளையில், பின்னவரின் பயிர் நீர் கேட்டு நிற்கும். இருவரும் நல்லவரே, ஆயினும் வரம்பில் மண்வெட்டி உயரும். குற்றம் குணத்தில் இல்லை, நாட்கணக்கில் இருக்கிறது. ஆதலால் முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள், நெல்லினத்தின் வயது, வேலியடைக்கும் நாள், கால்நடைகளை அப்புறப்படுத்தும் நாள் அனைத்தையும் விதைக்குமுன்பே பலரறியத் தீர்மானிக்கின்றனர். குளத்தில் நீர் குறைவாயின் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தக் கண்டத்தை விடுவது என்பதும் அங்கேயே முடிவாகும். அன்று எழுந்த கூச்சல் கொஞ்சமன்று! ஆனால் அது வயலில் எழவேண்டிய கூச்சல், கூட்டத்திலேயே தீர்ந்தது.

இவ்வழமை மிகப் பழையது. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் அத்தகைய வழமைகளுக்குச் சட்டவலு அளித்தது. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பின்னர் வந்தது. அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தைக் கூற, கமக்காரர் தீர்மானிப்பர். பெரும்பான்மையோர் முடிவு வராதவரையும் கட்டுப்படுத்தும். மீறுவோர் நீதிமன்றம் செல்ல நேரிடும். நாட்கூலிக்கு வயலில் இறங்குபவனுக்கு அங்கே வாக்கில்லை என்பது என் மனத்தை உறுத்தும் குறை.

ஊர் திரும்பியதும், அடுத்த தவணைக்குரிய நேரசூசியின் வரைவை ஆசிரியர் கூட்டத்தில் வைக்குமாறு எங்கள் அதிபரை வேண்டினேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பௌதிகவியல் ஆசிரியர் செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுத்தார். இரசாயனவியல் ஆசிரியர் பிற்பகல் வேளைகள் இரண்டை ஏற்றுக்கொண்டார். அதுவரை ஒருவர் சட்டைப்பையில் இருந்த ஆய்வுகூடத் திறப்பு, மறுநாள் முதல் அலுவலகச் சுவரில் தொங்கியது.