மெதுவாக வேகும் கோழி

விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களுக்கு மதியச் சமையல் பெருங்கவலை. அதற்கு உதவும் மின்சாரச் சட்டி ஒன்று, 1971இல் அமெரிக்காவில் 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைப்பதே அதன் வேலை.

அமெரிக்கர் அதில் செய்யும் 'பார்பெக்யூ' கோழியைப் பார்ப்போம். எலும்பு நீக்கிய தொடைக்கறி 1 கிலோ, நறுக்கிய வெங்காயம், அரைக் குவளை தக்காளி சாஸ், வினிகரும் சீனியும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றைச் சட்டியிலிட்டு மூடுங்கள். தண்ணீர் வேண்டாம், கறியே நீர் விடும். குறைந்த சூட்டில் 5 மணி நேரம் வேகட்டும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு வெளியேறிவிடும்.

தொடைக்கறி எதற்கு? அதிலுள்ள சவ்வு மெல்ல உருகி, கறியை மிருதுவாக்கும். நெஞ்சுக்கறி வறண்டுவிடும். வெந்ததை இரண்டு முள்கரண்டிகளால் நார் நாராகப் பிய்த்து, சாற்றிலேயே பிரட்டி, ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம்.

ஓர் எச்சரிக்கை. உறைந்த கோழியை அப்படியே போடாதீர்கள். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறி அந்த நிலையை மிக மெதுவாகவே கடக்கும். கறியின் உட்புறம் 74 பாகையை எட்ட வேண்டும். மீந்ததை 2 மணி நேரத்திற்குள் ஐஸ்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

நீங்கள் வெளியே சென்றிருந்தபோது மின்சாரம் தடைப்பட்டதா? கறி வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். கோழியின் விலையைவிடப் பிள்ளைகளின் உடல்நலம் பெரிதல்லவா?