உடைந்த பல்லைச் செப்பனிடுதல்

முறிந்த எலும்பு கூடும். உடைந்த பல்லோ கூடாது. பல்லின் மேலுறையாகிய பற்சிப்பி, நம் உடற்பொருள்கள் அனைத்தினும் கடினமானது. எனினும் ஒருமுறை சிதைந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே எஞ்சிய பல்லைக் காப்பதே வைத்தியரின் முதற்கடனாம்.

முன்னாளில் பற்குழியை அடைக்க வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த கலவையையே பெரிதும் கையாண்டனர். அது பல்லோடு ஒட்டாது. ஆதலின் கழன்று விழாதிருத்தற்பொருட்டு, வாய் குறுகி உள் அகலுமாறு குழியைக் குடைந்தனர். பழுதற்ற பகுதியும் உடன் வெட்டுண்டது.

1955-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரத்துப் பல்லறிஞர் மைக்கேல் புவோனகோர் என்பார் ஒரு வழி கண்டார். பற்சிப்பியின்மீது பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் தடவிக் கழுவினால், கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டாகும். அவற்றுள் பிசின் வேர்போல் இறங்கிப் பற்றிக்கொள்ளும். பின்னர் 1962-இல், சிலிக்காத் துகள் கலந்த உறுதியான பிசினுக்கு ரஃபேல் போவன் என்பார் காப்புரிமை பெற்றார்.

இன்று வைத்தியர், பல்லின் நிறத்திற்கு இசைந்த இப்பசையைப் படலம் படலமாக இட்டு, நீலவொளியால் சில நொடிகளில் இறுகச் செய்து மெருகிடுகின்றனர். இஃது என்றும் நிலைப்பதன்று, தேநீரால் கறைபடும், ஆண்டுகள் சில சென்றபின் புதுப்பிக்கவும் நேரும். ஆயினும் நல்ல பல்லை வெட்டாது காத்தலே இதன் தலையாய பயன். அழகு அதற்கு அடுத்ததே.

ஆடுகளத்தில் முன்பல் உடைந்தோர் அத்துண்டை எறிந்துவிடாது, பாலில் இட்டு விரைந்து வைத்தியரிடம் கொண்டு செல்வாராக. பல வேளைகளில் அத்துண்டையே மீண்டும் ஒட்டிவிடலாம்.