கடலோரக் கிணறுகளைக் காக்க ஒரு வரைபடக் கணக்கு

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரை, மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு, தென்னை, மணிலா, தர்பூசணி முதலியன பயிராகின்றன. கிழக்கே கடல், மேற்கே கடல் நீர் ஏறி இறங்கும் பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவே, மழைநீர் மணலில் இறங்கித் தங்கிய நல்ல தண்ணீரைத்தான் கிணறுகள் நம்பியிருக்கின்றன. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்ந்து விடும். உவர்ந்த கிணறு தேறுவதற்குப் பல மழைக்காலங்கள் ஆகலாம்.

எந்தக் கிணறு முதலில் கெடும் என்பதை முன்கூட்டியே கணிக்க இன்று ஒரு வழி உண்டு. அதுவே புவியியல் தகவல் முறை. சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள்.

முறை என்ன?

கிராமத்தில் புலப்படம் இருக்கிறது. அ-பதிவேடும் அடங்கலும் இருக்கின்றன. படத்தில் உள்ள சர்வே எண்ணைக் கொண்டு அடங்கலைப் பார்த்தால் அந்த நிலத்தில் என்ன பயிர் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் செய்வதும் இதுதான். மண் ஒரு படம், கிணறுகள் ஒரு படம், நில மட்டம் ஒரு படம். கண்ணாடித் தாள்களைப் போல இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வோர் இடத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் இம்முறையை உருவாக்கியதும் நிலத்துக்காகவே. எந்த நிலம் விவசாயத்துக்கு, எது காட்டுக்கு ஏற்றது என்று அந்நாட்டு அரசு கணக்கெடுத்தபோது பிறந்த முறை இது.

ஓர் அடிக்கு நாற்பது அடி

உப்பு நீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது. ஆகவே கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், அடியில் உப்பு நீர் சுமார் 40 அடி ஏறப் பார்க்கும். தண்ணீர் குறைகிறதே என்று கிணற்றை ஆழப்படுத்துகிறவர் உப்பு நீரைத் தேடிப் போகிறார் என்பதே பொருள்.

ஆறு கேள்விகள்

கோவாப் பல்கலைக்கழகத்தின் சாச்சாடியும் போர்ச்சுகல் நாட்டின் லோபோ பெரைராவும் 2001-ல் இதற்கென ஒரு கணக்கை வகுத்தனர். 'கால்டிட்' என்பது அதன் பெயர். அது ஆறு கேள்விகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு:

நீர் தங்கியுள்ள அடுக்கின் வகை – 1
அந்த அடுக்கில் நீர் ஓடும் வேகம் – 3
கடல் மட்டத்துக்கு மேல் நீர் நிற்கும் உயரம் – 4
கடலிலிருந்து தூரம் – 4
ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறதா என்பது – 1
நீர் அடுக்கின் கனம் – 2

மொத்தம் 15. ஒவ்வொரு கேள்விக்கும் ஆபத்துக்குத் தக்கபடி 2.5 முதல் 10 வரை மார்க் போட்டு, மதிப்பால் பெருக்கி, கூட்டி, 15-ஆல் வகுக்க வேண்டும். விடை 7.5-க்கு மேல் போனால் ஆபத்து அதிகம். 5-க்குக் கீழ் இருந்தால் குறைவு.

ஓர் உதாரணம். கடலிலிருந்து 400 மீட்டர் தூரத்தில் ஒரு கிணறு இருப்பதாக வைத்துக் கொள்வோம். அங்கே நிலம் கடல் மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே, தண்ணீர் 3.5 மீட்டர் ஆழத்தில். அதாவது நீர் கடலைவிட அரை மீட்டர்தான் உயரம். 1 மீட்டருக்குக் குறைவானதால் இதற்கு 10 மார்க். ஆறு கேள்விகளுக்கும் சேர்த்துக் கூட்டுத் தொகை 125 வந்தால், விடை 8.3. இது ஆபத்தான கிணறு.

அதே கிணற்றில் தண்ணீர் 1.5 மீட்டர் ஆழத்துக்கு ஏறினால் நீர் மட்டம் கடலைவிட 2.5 மீட்டர் உயரம். மார்க் 10-லிருந்து 2.5 ஆகக் குறையும். கூட்டுத் தொகை 95, விடை 6.3. அதிக ஆபத்திலிருந்து நடுத்தர ஆபத்துக்குக் கிணறு வந்து விடுகிறது.

கடலைத் தள்ளி வைக்க முடியாது. மணலை மாற்றவும் முடியாது. ஆறு கேள்விகளில் விவசாயிகள் நேரடியாக மாற்றக் கூடியது நீர் மட்டம் ஒன்றுதான். அதையும் ஒருவர் தனியாக மாற்ற முடியாது. ஒரே மணலில் உள்ள கிணறுகளுக்கெல்லாம் தண்ணீர் ஒன்றே.

படம் எங்கே ஏமாற்றும்?

எல்லா இடத்திலும் கிணறு இருப்பதில்லை. இடைப்பட்ட நிலத்தின் உவர்ப்பைப் பக்கத்துக் கிணறுகளைக் கொண்டு கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. கிட்டத்தில் உள்ள கிணற்றுக்கு அதிக மதிப்பு, எட்ட உள்ளதற்குக் குறைந்த மதிப்பு. 1 கி.மீ. தூரக் கிணற்றில் உவர்ப்பு 4, 2 கி.மீ. தூரக் கிணற்றில் 1 என்றால், நடுவில் உள்ள நிலத்துக்கு 3.4 என்று விடை வரும். ஆனால் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுவதை யாரும் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மழைக்குப் பின் அளந்த கிணற்றையும் கோடையில் அளந்ததையும் ஒரே படத்தில் கலந்தாலும் விடை தவறும். செல்போன் காட்டும் நில உயரத்தில் சில மீட்டர் பிழை வரலாம். அரை மீட்டரில் விடை மாறும் கணக்குக்கு அது உதவாது. லெவல் கருவியால்தான் அளக்க வேண்டும்.

இன்று தமிழகத்தில் நிலத்தடி நீரின் நிலையைப் பகுதி வாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே நிறம் பூசிய படத்தில் தனிக் கிணறு தெரியாது. ஆகவே ஊர்க்காரர்களின் அளவு அவசியம்.

செய்ய வேண்டியவை

1. மே மாதத்திலும் ஜனவரியிலும் கிணற்றின் நீர் ஆழத்தை ஒரே இடத்திலிருந்து கயிறு விட்டு அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதி வரவேண்டும். இறைத்த உடனே அளக்கக் கூடாது.

2. அதே நாட்களில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்தும் திறனை அறியலாம். 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழ் இருந்தால் எல்லாப் பயிருக்கும் நல்லது. 3-க்கு மேல் போனால் பல பயிர்களுக்கு ஆகாது.

3. ஒரே கிணற்றில் நெடுநேரம் இறைப்பதைவிட, பல கிணறுகளில் சிறிது சிறிதாக இறைப்பது மேல். சொட்டு நீர்ப் பாசனம் இறைப்பைக் குறைக்கும்.

4. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளம், குட்டைகளைத் தூர்வாரி, வயல் வரப்பை உயர்த்தி மழைநீரை மணலில் இறக்க வேண்டும்.

5. படித்த பிள்ளைகள் 'கியூ.ஜி.ஐ.எஸ்.' என்ற இலவசக் கம்ப்யூட்டர் முறையைக் கற்று, ஊர்க் கிணறுகளைப் படத்தில் ஏற்றலாம். இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் செயற்கைக் கோள் படங்கள் கிடைக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே உள்ளது.

பத்துக் கிணறுகளின் இரண்டு வருட அளவு கையில் இருந்தால், அதிகாரிகள் கொண்டு வரும் படம் சரியா, தவறா என்று ஊரார் கேட்க முடியும். புதிய போர் போடுவதா, இருக்கும் தண்ணீரைச் சேர்ப்பதா என்பதையும் பணம் செலவாவதற்கு முன்பே தீர்மானிக்கலாம்.