விஜய் டெண்டுல்கர்: மேடையேறிய மனச்சாட்சி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

'டெண்டுல்கர்' என்றவுடன் நம் மாணவ நண்பர்களுக்குக் கிரிக்கெட் மட்டையே நினைவுக்கு வரும். நானும் அதற்கு விலக்கல்லன். நம் கல்லூரி நூலகத்தில் விஜய் டெண்டுல்கரின் ஐந்து நாடகங்கள் அடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலைக் கண்டபோது, ஆட்டக்காரரின் உறவினர் யாரோ எழுதியது என்றெண்ணியே கையிலெடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். படித்து முடித்தபின் அவரைப் பற்றி இம்மலரில் எழுதாமல் இருக்க இயலவில்லை.

இளமைப் பருவம்

விஜய் டெண்டுல்கர் 1928ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே சிறிய அளவில் நூல் வெளியீடும் நடத்தி வந்தார். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆறு வயதில் முதல் கதை. பதினோரு வயதில் தாமே எழுதி, இயக்கி, நடித்த நாடகம். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தபோது பதினான்கு வயதுச் சிறுவரான டெண்டுல்கர் அதில் ஈடுபட்டார். பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றது. பிறகு பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார். பம்பாயின் 'சால்' எனப்படும் ஒண்டுக் குடித்தன வீடுகளில் வாழ்ந்தார். அங்கே கண்டதும் கேட்டதும்தான் அவருக்குப் பல்கலைக்கழகம் எனலாம்.

தொடக்கத்தில் எழுதிய நாடகமொன்று தோல்வியுறவே, இனி எழுதுவதில்லை என்று உறுதி பூண்டார். நல்ல வேளையாக அந்த உறுதி நிலைக்கவில்லை. 1956இல் வந்த 'ஸ்ரீமந்த்' அவரை நாடகாசிரியராக நிலைநிறுத்தியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட முழுநீள நாடகங்களும், பல ஓரங்க நாடகங்களும் பின்னர் வெளிவந்தன.

விளையாட்டு வழக்கு

1967இல் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' அவருக்கு இந்தியா முழுவதும் புகழ் தேடித் தந்தது. 'அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது' என்பது இத்தலைப்பின் பொருள். அமெச்சூர் நாடகக் குழு ஒன்று ஒரு சிற்றூருக்கு வருகிறது. மாலை வரை பொழுது போகவேண்டும். நீதிமன்றம் எப்படி நடக்கும் என்று உள்ளூர் ஆள் ஒருவருக்குக் காட்டவும் வேண்டும். ஆகவே ஒரு விளையாட்டு வழக்கை நடத்துகிறார்கள். லீலா பேணாரே என்னும் பள்ளி ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, சிசுக்கொலை செய்ததாகக் குற்றம் சாட்டுகிறார்கள். கேலியாகத் தொடங்கிய விசாரணை, சிறிது சிறிதாக அவளுடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருப்பது அம்பலமாகிறது. அதற்குக் காரணமான பேராசிரியர் தாம்லே அன்று வரவே இல்லை. மேடையில் அவர் தோன்றுவதே கிடையாது. இறுதியில் பேணாரே தன் நெஞ்சிலுள்ளதை எல்லாம் நெடுநேரம் கொட்டித் தீர்க்கிறாள். மற்றவர்கள் அசைவற்று உறைந்து நிற்கிறார்கள். அவள் பேச்சு அவர்கள் காதில் விழுவதில்லை; பார்வையாளர் காதில் மட்டுமே விழுகிறது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். நான் மேனிலைப் பள்ளியில் படித்தபோது, எங்கள் ஊர்க் கோயில் திடலில் ஒரு பெண்ணை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். கேள்வி கேட்டவர்களில் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவளோடு தொடர்புடையவன் வரவில்லை. அவனை அழைத்துவர யாரும் ஆளனுப்பவும் இல்லை. நான் என் தந்தையாரின் பின்னால் நின்றிருந்தேன். 'படிக்கிற பிள்ளை' என்று ஊரில் எனக்குப் பெயர். அப்படியிருந்தும் நான் வாய் திறக்கவில்லை. மராத்தியில் எழுதப்பட்ட நாடகத்தை ஆங்கிலத்தில் படித்தபோது அந்தத் திடல்தான் என் கண்முன் வந்தது. உறைந்து நின்ற கூட்டத்தில் ஒருவனாக என்னையும் அதில் கண்டேன்.

எதிர்ப்பும் தடையும்

உண்மையை எழுதுகிறவனுக்கு மாலை மட்டுமே விழுவதில்லை. ஒரு குடும்பத்தின் பேராசையைக் காட்டும் 'கிதாடே' (கழுகுகள்) 1970இல் மேடையேறியது. ஒரு பெண்ணின் சேலையில் தெரியும் சிவப்புக் கறையைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. கறையை நீல நிறமாக மாற்றிவிட்டு, நீலத்தைச் சிவப்பாகக் கொள்ளுமாறு பார்வையாளருக்கு அறிவித்தே நாடகத்தை நடத்தினார்கள்! 1972இல் வந்த 'சகாராம் பைண்டர்', கைவிடப்பட்ட பெண்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் புத்தகக் கட்டுநர் ஒருவரின் கதை. அதற்குத் தடை வந்தது. நீதிமன்றம் வரை சென்றே அது மீண்டது.

அதே 1972இல் புனேயில் அரங்கேறிய 'காசிராம் கோத்வால்' அவர் நாடகங்களில் தலைசிறந்தது என்பர். ஜப்பார் படேல் இயக்கினார். பாஸ்கர் சந்தாவர்க்கர் இசையமைத்தார். வரிசையாக நிற்கும் ஆடவர்களே இதில் சுவராகிறார்கள். ஆடிப் பாடி அவர்களே கூட்டமாகவும் மாறுகிறார்கள். பேஷ்வா ஆட்சியின் அமைச்சர் நானா பட்னவிசுக்குத் தன் மகளையே கொடுத்து, புனே நகரின் கோத்வால் பதவியைப் பெறுகிறான் காசிராம். நகரத்தை ஆட்டிப் படைக்கிறான். தேவை முடிந்ததும் நானா அவனை மக்களின் சினத்துக்கு இரையாக்கிவிட்டுத் தான் தப்பித்துக்கொள்கிறார். அதிகாரம் தனக்கு வேண்டிய முரடனை எப்படி உண்டாக்குகிறது, எப்படிக் கைகழுவுகிறது என்பதே நாடகத்தின் சாரம். பத்தொன்பது காட்சிகளுக்குப் பின் நாடகக் குழுவின் தலைமையே இதை நிறுத்திவிட்டது. கலைஞர்கள் வெளியேறி, 'தியேட்டர் அகாடமி' என்ற புதிய அமைப்பைத் தொடங்கி, மீண்டும் நடத்தினார்கள்.

1981இல் எழுதிய 'கமலா'வில், பெண்கள் விற்கப்படுவதை நிரூபிக்க ஒரு பத்திரிகையாளர் கமலா என்ற பழங்குடிப் பெண்ணை விலைக்கு வாங்கி வருகிறார். அவர் மனைவியிடம் கமலா, உன்னை எவ்வளவுக்கு வாங்கினார் என்று வெகுளியாகக் கேட்கிறாள். அக்கேள்வி அம்மனைவியின் கண்ணைத் திறந்துவிடுகிறது.

திரைப்படத் துறையில்

திரைக்கதையிலும் அவர் தடம் பதித்தார். ஷியாம் பெனகலின் 'நிஷாந்த்' (1975), 'மந்தன்' (1976), கோவிந்த் நிகலானியின் 'ஆக்ரோஷ்' (1980), 'அர்த் சத்யா' (1983), ஜப்பார் படேலின் 'உம்பர்தா' (1982) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கூட்டுறவுப் பால் பண்ணையின் பிறப்பைக் கூறும் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அதன் திரைக்கதைக்காக டெண்டுல்கர் தேசிய விருது பெற்றார். 'ஆக்ரோஷ்' படத்தில் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடியினன், தனக்காக வாதாடும் வக்கீலிடம் கூட ஒரு சொல்லும் பேச மறுக்கிறான். பேசிப் பயனில்லை என்று அறிந்தவனின் மௌனம் அது.

ஒரு கருத்து வேறுபாடு

அவரை வியந்து போற்றுவதோடு நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. 1983இல் எழுதிய 'கன்யாதான்', உயர்சாதிச் சோசலிஸ்டு ஒருவரின் மகள் தலித் கவிஞன் ஒருவனை மணந்து துன்புறுவதைக் கூறுகிறது. சென்னையைச் சேர்ந்த கௌரி ராம்நாராயண் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார். தலித் மக்கள் பலர் இந்நாடகத்தை எதிர்த்தனர். நூற்றாண்டுகளாக அடிபட்ட ஒருவன் மேடையில் அடிப்பவனாக மட்டுமே நின்றால், அவன் பட்ட அடியை எண்ணிப் பார்ப்பவர் யார் என்று எனக்கும் தோன்றியது. இதே நாடகத்துக்கு 1993இல் சரஸ்வதி சம்மான் விருது கிடைத்தபோது, முன்பு இதற்காகத் தம் மீது செருப்பு வீசப்பட்டதை டெண்டுல்கர் மறைக்காமல் நினைவுகூர்ந்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கேள்வி கேட்க வைப்பதும் நாடகத்தின் வேலைதானே!

நிறைவாக

1984இல் பத்மபூஷண் விருது பெற்ற டெண்டுல்கர், 2008ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் புனேயில் தம் எண்பதாவது வயதில் காலமானார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றுவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று வீட்டில் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். பள்ளிப்படிப்பையே முடிக்காத ஒருவர், ஊரே எதிர்த்தபோதும் பேசியிருக்கிறார். அன்று திடலில் நின்ற எனக்கு இல்லாமற்போனது படிப்பு அன்று, அந்தத் துணிவுதான். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நண்பர்களே! ஆண்டுதோறும் நம் கல்லூரி விழாவில் சிரிப்பு நாடகங்களையே போட்டு வருகிறோம். சிரிப்பு வேண்டாம் என்று நான் கூறவில்லை. வரும் ஆண்டு 'அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது' நாடகத்தைத் தமிழில் நடித்துப் பார்ப்போம். மொழிபெயர்க்கும் வேலையை நான் தொடங்கிவிட்டேன். ஆங்கிலத்துறைப் பேராசிரியர்கள் பிழை திருத்தி உதவ வேண்டுகிறேன். நாடகத்தைக் காண எங்கள் ஊராரையும் அழைத்துவர எண்ணியுள்ளேன்.