நீதிபதி கேட்பது அவனுக்குப் புரிகிறதா?

நம்மூரில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால், "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்போம். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊர் செய்த பாவம் ஒன்றே ஒன்றுதான். நாட்டின் பெரிய மனநல மருத்துவமனை 1911ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றினார்கள், நம் வாயைத்தான் மாற்ற முடியவில்லை.

வானொலியில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. "குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவரை ஒரு மாதத்திற்கு மனநலப் பரிசோதனைக்கு அனுப்பும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார்." இதை வாசித்த பத்தாவது நிமிடம் நேயர்களின் குரல் பதிவுகள் வந்து விழும். "செய்றதையும் செஞ்சிட்டு இப்ப பைத்தியக்கார வேஷமா?" என்பதுதான் பெரும்பாலும் அவற்றின் சாரம்.

ஆனால் ஒரு நாள் வேறு மாதிரியான அழைப்பு வந்தது. பேசியவர் எங்கள் ஜுரு வட்டாரத்து அம்மா ஒருவர். "என் மகன் ஆளுதான் வளர்ந்திருக்கான் தம்பி, புத்தி சின்னப் பிள்ளைதான். கூட்டாளிங்களோட சேர்ந்து மோட்டார் திருடுனான்னு பிடிச்சிட்டாங்க. ஆமான்னு ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அவனும் யாரு எது கேட்டாலும் ஆமாங்கறான். என்ன செய்யறது?" அவரை உடனே ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பி வைத்தேன். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த நிலை எந்த வீட்டுக்கும் வரலாம்.

மூன்று கேள்விகள், மூன்று காலங்கள்

சட்டத்தின் முன் ஒருவரின் மனநிலை பற்றி வெவ்வேறு கேள்விகள் எழுகின்றன. நாம் அவை எல்லாவற்றையும் "பைத்தியமா இல்லையா" என்ற ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கேள்வி அன்றைய நாளைப் பற்றியது. குற்றம் நடந்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறு என்பதை உணரும் நிலையில் அவர் இருந்தாரா? நம் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு இதைப் பற்றியது.

இரண்டாவது கேள்வி இன்றைய நாளைப் பற்றியது. நீதிமன்றத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டு, தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இப்போது அவர் இருக்கிறாரா? குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சு இதில் கிடையாது. அதைத் தீர்மானிக்கும் விசாரணையைத் தொடங்கலாமா என்பதுதான் பேச்சு. செய்திகளில் நாம் கேட்கும் ஒரு மாதப் பரிசோதனை பெரும்பாலும் இதற்காகத்தான்.

மூன்றாவது கேள்வி தண்டனையைப் பற்றியது. குற்றம் உறுதியான பிறகு, அவருடைய மனநிலையைக் கருதித் தண்டனையைக் குறைக்க வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு வயது 200 ஆண்டுகளை நெருங்குகிறது. 1836இல் இங்கிலாந்தில் பேசவும் கேட்கவும் முடியாத ஒருவர்மீது வழக்கு வந்தது. பிரிச்சர்ட் வழக்கு என்பார்கள். அதில் நீதிபதி சொன்ன அளவுகோலை ஒட்டித்தான் பல நாடுகளில் இன்றும் விசாரணைத் தகுதியைப் பார்க்கிறார்கள். அதன் பின்னால் உள்ள நியாயம் எளிமையானது. பதில் சொல்லத் தெரியாதவரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது நீதியாகாது.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது?

நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவு வழிமுறையைச் சொல்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மனநிலை சரியில்லை, அதனால் தன்னைத் தற்காத்துப் பேச முடியாது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை ஆராய வேண்டும். தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்கு மிகாமல் மனநல மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க உத்தரவிடலாம். அதற்குள் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் மருத்துவமனை கூடுதல் காலம் கேட்கலாம். அது இரண்டு மாதம் வரை நீளலாம். பிறகு மருத்துவமனை இயக்குநர் தன் கருத்தைச் சான்றிதழாக நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

ஜுருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சோங் ரம்புத்தான் வந்துவிடும். ஆனால் அங்கே அனுப்பப்படுபவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அது வேறு உலகம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மருத்துவர்கள் கேட்பவை சாதாரணக் கேள்விகள்தான். உங்கள்மீது என்ன வழக்கு? நீதிபதியின் வேலை என்ன? உங்களுக்கு எதிராகப் பேசுபவர் யார், உங்களுக்காகப் பேசுபவர் யார்? குற்றத்தை ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன ஆகும்? சாட்சி பொய் சொன்னால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்கு அழகான பதில் தேவையில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்று புரிகிறதா, தன் வழக்கறிஞரிடம் விவரம் சொல்ல முடிகிறதா என்பதுதான் பார்க்கப்படுகிறது.

"நடிச்சுட்டா?" என்று கேட்பீர்கள். மருத்துவரின் முன்னால் அரை மணி நேரம் நடித்துவிடலாம். வார்டில் இரவும் பகலும் பல வாரங்கள் நடிப்பது கடினம். சாப்பிடுவது, தூங்குவது, மற்ற நோயாளிகளிடம் பேசுவது எல்லாவற்றையும் தாதியர் கவனிப்பார்கள். பள்ளிக்கூடம், பழைய மருத்துவம், குணம் பற்றிக் குடும்பத்தாரிடமும் விசாரிப்பார்கள். மாதக் கணக்கில் காலம் கொடுப்பதே இதற்காகத்தான். மனநோய் இருந்தாலே விசாரணைக்குத் தகுதியில்லை என்றும் ஆகிவிடாது. மருந்து எடுத்துக்கொண்டு தெளிவாக இருப்பவர் விசாரணையைச் சந்திக்கலாம்.

தப்பிக்கும் வழியா இது?

தகுதியில்லை என்று முடிவானால் வழக்கு ஒத்திவைக்கப்படும், ரத்தாகிவிடாது. பொறுப்பேற்கும் குடும்பம் இருந்தால், தகுந்த உத்தரவாதத்தின் பேரில் அவரை ஒப்படைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இல்லையென்றால் மருத்துவமனைக் காவல். குணமானதும் விசாரணை மீண்டும் தொடங்கும். குற்றம் நடந்தபோது மனநிலை சரியில்லை என்று விடுதலை கிடைத்தாலும், 348ஆவது பிரிவின்படி மாநில ஆட்சியாளரின் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரை மருத்துவமனையில் வைக்கப்படலாம். சிறைத் தண்டனைக்கு முடியும் தேதி உண்டு. இதற்குக் கிடையாது.

கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் அசாம் மாநிலத்து மச்சாங் லாலுங் சாட்சி. ஒருவரைக் காயப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 1951இல் கைதானபோது அவருக்கு வயது 23. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்று 1967இல் மருத்துவமனை தெரிவித்தது. அவரோ குவாஹாத்தி சிறைக்கு மாற்றப்பட்டார், விசாரணை நடக்கவேயில்லை. 2005இல் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் போயிருந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 3 லட்சம் ரூபாயும் மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007இல் அவர் இறந்துபோனார். அவருடைய கோப்பை யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தால் போதும், அவர் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நாகேந்திரன் விட்டுச்சென்ற பாடம்

நம் வீடுகளுக்கு மிகவும் நெருங்கிய வழக்கு ஈப்போ இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கத்தினுடையது. 2009 ஏப்ரலில், தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது அவருக்கு வயது 20. அங்கே 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை. ஒருவரின் மிரட்டலுக்குப் பயந்து செய்ததாக விசாரணையில் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2010 நவம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அதன் பிறகு சிங்கப்பூர் சட்டம் திருத்தப்பட்டது. போதைப்பொருளைச் சுமந்து மட்டும் வந்தவர், மனநிலைக் கோளாற்றால் பொறுப்புணர்வு பெரிதும் குறைந்தவர் என்று நிரூபித்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கிடைக்க வழி வந்தது. 2013இல் நடந்த பரிசோதனையில் அவருடைய ஐகியூ 69 என்று தெரிந்தது. நூறு என்பது சராசரி. இரு தரப்பு மனநல நிபுணர்களும் சாட்சி சொன்னார்கள். அறிவுத்திறன் எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஆனால் தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று 2017இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் மேல்முறையீடும் தோற்றது.

2021 நவம்பர் 10ஆம் தேதி தூக்கு என்று நாள் குறித்தார்கள். அவருடைய தற்போதைய மனநிலையைச் சுயேச்சையான நிபுணர்கள் பார்க்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் கேட்டார்கள். முந்திய நாள் அவருக்குக் கோவிட் தொற்று உறுதியாகி, தூக்கு நின்றது. நம் அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2022 மார்ச் 29இல் கடைசி மேல்முறையீடு தள்ளுபடியானது. ஏப்ரல் 27 விடியலில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்கு வயது 33.

அவரைத் தூக்கிலிட்டது சரியா தவறா என்பதில் கருத்துகள் பலவாறாக இருக்கும். சிங்கப்பூர் அரசு, நீதிமன்றங்கள் எல்லா வாதங்களையும் கேட்டுத்தான் முடிவெடுத்தன என்கிறது. நான் சொல்ல வருவது வேறு. அந்த மனத்தைப் பற்றிய பெரிய வாதம் முழுவதும் தூக்குத் தண்டனைக்குப் பிறகுதான் நடந்தது. மனநிலைச் சான்றுக்குத் தொடக்கத்தில் இருக்கும் எடை கடைசியில் இருப்பதில்லை. கடைசியில் சொன்னால், "உயிருக்காகச் சொல்கிறார்கள்" என்ற சந்தேகமும் கூடவே வந்து நிற்கும்.

குடும்பம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தண்டனையைத் தேர்வு செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு வந்திருக்கிறது. அதனால் ஒருவரின் மனநிலை பற்றிய சான்றுக்கு இப்போது முன்னைவிட மதிப்பு அதிகம். ஆனால் நாளொன்றுக்குப் பல வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரியாது. அவன் அமைதியாக நிற்பான், தலையாட்டுவான். பார்ப்பவருக்கு அது ஒப்புதலாகத்தான் தெரியும்.

ஆகவே முதல் நாளே சொல்லுங்கள். கைதானவர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள 28ஏ பிரிவு உரிமை தருகிறது. வசதியில்லாத மலேசியர்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. அவரிடம் பிள்ளையின் மருத்துவ அட்டை, சிறப்புக் கல்வி வகுப்பில் படித்ததற்கான கடிதம், மாத்திரைச் சீட்டு என்று கையில் இருப்பதையெல்லாம் கொடுங்கள். சந்தேகிக்கக் காரணம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறதல்லவா, அந்தக் காரணம் இந்தக் காகிதங்கள்தான். மலாய் சரியாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மொழி புரியாததையும் வழக்கு புரியாததையும் போட்டுக் குழப்பிவிடக் கூடாது.

வழக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கற்றல் குறைபாடும் மனநலக் குறைபாடும் சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு உரியவை. "பிள்ளைக்கு அந்த அட்டை எடுத்தா நாளைக்கு யாரு பொண்ணு கொடுப்பா?" என்று எத்தனையோ வீடுகளில் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். நாம் மறைத்து வைக்கும் அந்தக் குறை, ஒரு நாள் அவனைக் காப்பாற்ற வேண்டிய ஒரே சான்றாக இருக்கலாம்.

அடுத்த முறை ஒருவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பிய செய்தியைக் கேட்டால், "வேஷம்" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்த மாஜிஸ்திரேட் அவரை விட்டுவிடவில்லை. அவருக்குத் தன் வழக்கு புரிகிறதா என்று கேட்டிருக்கிறார்.